ஆடும் அடுப்பும் ‘கவனம்’ என்ற சொல்லும்

கால் ஆடுகிற கதிரையில் ஒருவன் அமர்ந்தால் விழுகிறவன் அவனே. கால் ஆடுகிற கரி அடுப்பின் நிலைமை வேறு. அதைக் கொண்டுவந்து வைத்தவன் ஒருவன். அதனருகே நின்று குளிர்காய்கிறவன் இன்னொருவன். அதைச் சுற்றி ஓடி விளையாடுவது அயல்வீட்டுக் குழந்தை. தணல் சரிந்தால் யார் மேல் சரியும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவேதான் பழைய கரி அடுப்பொன்றின் கால்களைச் சீர்செய்வது கைவேலை மட்டுமன்று, மனச்சான்றைத் தொடும் காரியமுமாகும் என்கிறோம். இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கு என்று வாசகர் சிலர் புன்னகை செய்யலாம். சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களின் அதிகாலையில் புல்வெளியில் உறைபனி வெண்மையாகப் படிந்திருப்பதையும், வெயில் ஏறியதும் கொழுந்தும் மரக்கறிப் பயிரும் கருகிப்போவதையும் நம்மவர் அறிவர். இத்தகைய இடத்தில் தணல் என்பது ஆடம்பரம் அன்று. லயத்துக் காம்பிராவில் கவ்வாத்து மிலாறு எரிகிற அடுப்பைச் சுற்றித்தான் மாலையில் குடும்பம் ஒன்றுகூடுகிறது. சித்திரையில் ‘சீசன்’ வந்துவிட்டால் விடுதிகளின் முற்றங்களிலும் வாடகை பங்களாக்களிலும் இறைச்சி வாட்டும் கரி அடுப்புகள் வரிசையாகத் தோன்றுகின்றன. இளைஞர்கள் அதனை ‘பாபகியூ’ என்பர். புதுமை எதுவும் இல்லை. யோவான் நற்செய்தியிலேயே கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது: பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்ற முற்றத்தில் ஒன்று, திபேரியாக் கடற்கரையில் மீன் வைக்கப்பட்டிருந்தது மற்றொன்று. மூலமொழியில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை.

நாம் பேச எடுத்துக்கொண்டது கடையில் பளபளப்பாக நிற்கும் புதிய அடுப்பை அல்ல. இருநூறு லீற்றர் எண்ணெய்ப் பீப்பாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நான்கு இரும்புக் கால் ஒட்டி, மேலே கம்பித் தட்டு வைத்த பழைய அடுப்பு. ஒரு காலத்தில் யாரோ ஒரு துரையின் பங்களாவிலோ விடுதியிலோ இருந்திருக்கும். பின்பு கைமாறிக் கைமாறி, தோட்டத்து இளைஞர் மன்றத்திலோ, பங்கு மண்டபத்தின் பின்புறத்திலோ, லயத்து இஸ்தோப்பிலோ வந்து சேர்ந்திருக்கும். நத்தார் இரவிலும் திருநாளிலும் மட்டும் வெளியே வரும். வரும்போதெல்லாம் ஆடும்.

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. குளிர் தாங்கவில்லை என்று இந்த அடுப்பைக் கதவடைத்த அறைக்குள் கொண்டுபோவோர் உண்டு. புகை இல்லை, ஆகவே தீங்கு இல்லை என்பது அவர்கள் எண்ணம். தணலிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலியது. உறங்கியவர் உறங்கியபடியே போய்விடுவர். கால் எவ்வளவு உறுதியான அடுப்பானாலும் அதன் இடம் வெளியே.)

அடுப்பு ஏன் ஆடுகிறது? பெரும்பாலோர் காலைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. நம் பாட்டிமார் அடுப்புக்கு மூன்று கல் வைத்தார்கள். நான்காவது கல்லை அவர்கள் கேட்டதே இல்லை. மூன்று புள்ளிகள் எந்தக் கரடுமுரடான நிலத்திலும் தாமாகவே ஒரு தளத்தில் அமைந்துவிடும். நான்காவது வந்தபின்தான் ஆட்டமும் வருகிறது. கணிதம் படியாத பாட்டிக்குத் தெரிந்திருந்த இந்த உண்மையைப் பீப்பாய்க்கு நான்கு கால் ஒட்டியவர் மறந்துவிட்டார் போலும். எனினும் நான்கு காலுக்கும் ஒரு வழி உண்டு. கால்களின் முனைகள் சதுரமாகவும் ஒரே மட்டமாகவும் இருந்து, தரை மாத்திரம் மெல்ல ஏறி இறங்குவதாயிருந்தால், அடுப்பை நின்ற இடத்திலேயே கால்வட்டத்துக்குள் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நான்கு கால்களும் தரையைத் தொடுகிற ஒரு நிலை வந்தே தீரும். இதைக் கணித அறிஞர்கள் முறைப்படி நிறுவியிருக்கிறார்கள். அடுப்பு சற்றுச் சாய்ந்து நிற்கலாம்; ஆனால் ஆடாது. வாளை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்த்தால் எத்தனையோ நல்ல கால்கள் பிழைத்திருக்கும்.

ஏனெனில் நம்மவர் வழக்கமாகச் செய்வது நீளமாகத் தோன்றும் காலை வெட்டுவதே. வெட்டியபின் வேறொரு கால் நீளமாகத் தோன்றும். அதையும் வெட்டுவார்கள். கடைசியில் அடுப்பு முழங்காலளவுக்கு வந்துவிடும், ஆட்டம் போயிராது. (சபைகளிலும் சங்கங்களிலும் நிமிர்ந்து நிற்கிறவனை மட்டம் தட்டி எல்லாரையும் சமமாக்கும் வேலை இப்படித்தான் நடக்கிறது. அதைப் பிறிதொரு சமயம் பேசுவோம்.) தட்டையான கற்பலகையில் நிறுத்திப் பார்த்து, எது குட்டை என்று கண்டு, அதற்கு அடிப்பாதம் ஒட்டுவதே முறை.

தரை நல்லது, கால்களும் சமம், ஆனாலும் அடுப்பு ஆடுகிறது என்றால் நோய் இணைப்பில் இருக்கிறது. ஹட்டன் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இத்தகைய அடுப்பொன்றை இறக்கிவைத்தபோது, அங்கிருந்த முதிய தொழிலாளி அதன் விளிம்பைப் பிடித்து மெல்ல அசைத்துவிட்டுச் சொன்னார்: “சாமி, காலு சரியாத்தான் இருக்கு. இடுப்புதான் புடிக்கல.” நாம் காலுக்கு ஒட்டுப் போட்டால் போதாதா என்றோம். “போட்டுத் தரலாம் சாமி. நத்தாருக்கு நிக்கும். ஈஸ்டருக்கு மறுபடி தூக்கிட்டு வருவீங்க. குறுக்கப் பட்டை போட்டாத்தான் அடங்கும்” என்றார்.

அவர் சொன்னதில் பொறியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்கு பட்டைகளைச் சதுரமாகப் பூட்டினால் தள்ளியபோது அது சரிந்து கோணலாகும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குப் பட்டை போட்டுவிட்டால் சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிடுகிறது. முக்கோணம் பக்கங்களின் நீளம் மாறாமல் கோணலாக முடியாது. பாலங்களும் கூரைச் சட்டங்களும் இந்த ஒரே விதியால்தான் நிற்கின்றன. இணைப்பு தளர்வதற்கும் காரணங்கள் தெளிவானவை. ஒவ்வொரு முறையும் சூடேறி விரிந்து குளிர்ந்து சுருங்குவதால் போல்ட்டும் நட்டும் நெகிழ்கின்றன. வெப்பம் 600 பாகையை நெருங்கும்போது சாதாரண இரும்புத் தகடு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது. பீப்பாய்த் தகட்டின் கனமோ ஒரு மில்லிமீற்றர் அளவே. இவற்றைவிடப் பெரிய பகைவன் சாம்பல். விருந்து முடிந்த களைப்பில் சாம்பலை அள்ளாமல் அடுப்பை அப்படியே மூலையில் தள்ளிவிடுகிறோம். சாம்பலிலுள்ள உப்புகள் நுவரெலியா மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி, கால் ஒட்டிய இடத்திலேயே இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். அடுத்த திருநாளில் அடுப்பு ஆடும்போது நாம் காலைக் குறைகூறுகிறோம்.

பட்டறைக்குக் கொண்டுபோவோருக்கு இன்னொன்று. தண்ணீர்க் குழாயைக் காலாக ஒட்டுவதானால் அதிலுள்ள துத்தநாகப் பூச்சை அரத்தால் நீக்கிய பிறகே ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பட்டறைக்குப் போகாதவர் என்ன செய்கிறார்? செங்கல் துண்டொன்றையோ மடித்த தகரத்தையோ காலுக்கடியில் செருகுகிறார். ஆட்டம் நின்றதுபோல் தோன்றுகிறது. இதைப் பாவம் என்று எவரும் சொல்லார். முட்டுக்கொடுப்பது வாழ்க்கையில் தவிர்க்க முடியாதது. விருந்தினர் வாசலில் நிற்கும்போது பட்டறையைத் தேடி ஓட முடியாது. ஆனால் செருகியவர் செருகியதை அறிவார். நாளை அடுப்பை நகர்த்துகிறவர் அறியார். செங்கல் துண்டு நகர்ந்துவிடும். இடுப்புப் பிடிக்காத அடுப்புக்கோ காலடியில் எதைச் செருகினாலும் பயனில்லை என்பதைப் பட்டறைக்காரர் சொல்லக் கேட்டோம். அங்கே முட்டு என்பது மருந்தின் பெயரில் கொடுக்கப்படும் வெறும் நீர்.

செங்கல்லைவிட மலிவான முட்டு ஒன்று உண்டு. அது ஒரு சொல். “கவனம், அடுப்பு ஆடும்.” தாய் மகளிடம் சொல்கிறாள். அண்ணன் தம்பியிடம் சொல்கிறான். ஆண்டாண்டாகச் சொல்லிச் சொல்லி, அடுப்பு ஆடுவது அந்த வீட்டின் இயற்கை என்றே ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லைச் சற்று உற்றுப்பாருங்கள். எச்சரிப்பது கடமைதான்; எச்சரியாதவன் குற்றவாளிதான். ஆயினும் எச்சரித்தவுடன் ஒரு பாரம் கைமாறுகிறது. இதுவரை அடுப்பைச் சீர்செய்ய வேண்டியது என் பொறுப்பாயிருந்தது. இனி விழாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. விபத்து நேர்ந்தால், “நான்தான் அப்போதே சொன்னேனே” என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடம் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையின் கவனத்தின் மேல் எரிகிற தணலை நிறுத்திவைத்துவிட்டு, ஒரு சிறு போல்ட்டை நாம் மிச்சம் பிடிக்கிறோம். வாசகர்களே, இது நியாயமான கொடுக்கல் வாங்கலா?

நம் நாட்டிலேயே ஒருவர் இந்தக் கேள்விக்குக் கையால் விடை எழுதினார். மின்சாரம் எட்டாத வீடுகளில், தோட்ட லயங்களிலும்கூட, ஒரு காலத்தில் குப்பி விளக்கு எரிந்ததை முதியோர் நினைவுகூருவர். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி போட்டது. கை பட்டால் கவிழும், கவிழ்ந்தால் உருளும், உருண்டால் எண்ணெய் சிந்தும். அவ்வாறு எரிந்துபோன பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற. விளக்கைக் கவனமாகக் கையாளுங்கள் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்திருக்கலாம். அதுவும் நல்ல வேலையே. அவரோ போத்தலை மாற்றினார். நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த மார்மைட் போத்தலின் வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, குட்டையான, பாரமான, கனத்த கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். எளிதில் சாயாது. சாய்ந்தாலும் இரு பக்கமும் தட்டையாயிருப்பதால் உருளாது. மூடி திருகுமூடி, ஆகவே எண்ணெய் சிந்தாது. ‘சுதீப’ என்று பெயர். நல்விளக்கு என்பது பொருள். 1998ஆம் ஆண்டில் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி தீக்காயங்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் இறக்கின்றனர். மிகப் பெரும்பாலோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். இவர்கள் எல்லாரும் கவனமில்லாதவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் துணியுமா?

பழைய சட்டம் ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. விடுதலைப் பயண நூலில் முட்டும் மாட்டைப் பற்றிய விதிகள் உண்டு. ஒருவனுடைய மாடு முதன்முறையாக ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால், மாட்டுக்காரன் குற்றமற்றவன். அது முட்டுகிற மாடு என்று முன்பே அறிந்து, எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதிருந்தால், அவன்மேல் மிகக் கடுமையான தீர்ப்பு விழும். மாடு ஒன்றுதான், கொம்பும் ஒன்றுதான். இடையில் வந்து சேர்ந்தது அறிவு. அடுத்த அதிகாரத்திலேயே, தீ மூட்டியவனது தீ பரவிப் பிறன் பயிரை அழித்தால் மூட்டியவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், முட்டும் மாட்டின் சொந்தக்காரனிடம் சட்டம் எதிர்பார்ப்பது ஊராரை எச்சரிப்பதை அல்ல, மாட்டைக் கட்டிவைப்பதை.

மலையகத்தில் இதைப் பேசும்போது அடுப்போடு நின்றுவிட முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மலை சரிந்து மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. பின்னர் எழுந்த வாக்குவாதம் நமக்கு மறந்திருக்காது. போகச் சொன்னோமே என்றது ஒரு குரல். போவதற்கு இடம் எங்கே தந்தீர்கள் என்றது இன்னொரு குரல். யார் எவ்வளவு குற்றவாளி என்று நிறுக்கும் தராசு நம்மிடம் இல்லை. ஆனால் ‘கவனம்’ என்ற சொல்லும், அந்தச் சொல்லோடு கூடவே கொடுக்கப்பட வேண்டிய நிலமும் வீடும் ஒன்றல்ல என்பதை அந்த மண் காட்டிவிட்டது. லயங்களே கோப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிப்போகிற தொழிலாளிக்காகப் போடப்பட்ட தங்குகூடாரங்களின் வாரிசுகள்தாம். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியது, தேயிலை வந்தது, ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது. தொழிலாளி நிலையாக இருந்துவிட்டான், கூடாரமும் இருந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவின் தகரக் கூரைமேல் காற்றுக்குப் பறக்காதிருக்க இன்றும் கல் ஏற்றி வைத்திருப்பதைக் காண்கிறோம். செருகிய செங்கல் துண்டு எத்தனை தலைமுறை அப்படியே இருக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒருவர் வினவலாம்: “நாள்கூலிக்காரன் பட்டறைக்காரனுக்கு எங்கே போவான்? இயலாதவன் மேல் கடமையை ஏற்றுவது எந்த அறநூலில் இருக்கிறது?” நல்ல கேள்வி. இயலாததற்கு எவரும் கட்டுப்பட்டவரல்லர் என்பது அறநெறியியலில் பழைமையான கொள்கை. ஆனால் இயலாதது எது என்று பார்க்க வேண்டும். புதிய கால் வாங்க இயலாமல் இருக்கலாம். கெட்ட கால்களைக் கழற்றி எறிய இயலும். நான்கு ஆடும் கால்மேல் நிற்கும் பீப்பாயைவிட, காலே இல்லாமல் மூன்று பெரிய கற்களின்மேல் பதிந்து அமர்ந்த பீப்பாய் நூறு மடங்கு நல்லது. குனிந்து சமைக்க வேண்டும், முதுகு வலிக்கும், பார்ப்பதற்கும் அழகில்லை. சரிவதற்கு மட்டும் இடமில்லை. பல வீடுகளில் தடையாயிருப்பது வறுமை அன்று, உயரம். அடுப்பு நாகரிகமாக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையின் விலையைக் கொடுப்பது குழந்தையாயிருக்கக் கூடாது.

வசதி உள்ளவர்களுக்கு வேறொரு சோதனை வருகிறது. பழைய அடுப்பு ஆடுகிறது; புதியது வாங்கியாயிற்று; பழையதை என்ன செய்வது? “லயத்தில் யாருக்காவது கொடுத்துவிடு, பயன்படும்.” கொடுத்தவருக்குப் புண்ணியம் செய்த நிறைவு. வாங்கியவர் நன்றியோடு தலைகுனிகிறார். ஆடுகிறதே என்று கேட்க அவருக்கு வாய் வராது, ஏனெனில் இலவசம். இது தானமா, அபாயத்தின் கைமாற்றமா? விற்கிறவன் பொருளின் மறைந்த குறையைச் சொல்லாமல் விற்றால் அதை வஞ்சகம் என்று அறநூலார் ஐயமின்றிச் சொல்வர். இலவசமாகக் கொடுக்கிறவனுக்கு அந்தக் கடமை குறைவதாக நமக்குத் தோன்றவில்லை, கூடுவதாகவே தோன்றுகிறது. விலை கொடுத்தவன் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிப்பான். தானம் பெற்றவனுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. நத்தார் காலத்தில் பழைய பொருள் பகிரும் பங்குகளுக்கும் குடும்பங்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: கால் ஆடும் அடுப்பைக் கொடுக்க விரும்பினால் முதலில் பட்டறைக்கு அனுப்பி, பிறகு கொடுங்கள். அதற்கு மனமில்லையென்றால் பழைய இரும்புக்காரனிடம் போடுங்கள். அவனுக்கு அது வெறும் இரும்பு, ஒருவரும் எரியமாட்டார்.

பழைய இரும்புக்குப் போக வேண்டிய அடுப்பும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. சீர்செய்வது நல்லது என்று பேசப்போய், எதையும் எறியாமல் வைத்திருப்பதே நற்பண்பு என்ற இன்னொரு மயக்கத்தில் விழுந்துவிடக் கூடாது. பீப்பாயின் அடித்தகட்டைத் திருகாணிமுனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கிவிட்டால், அல்லது கால் ஒட்டிய இடத்தைச் சுற்றித் துரு அடுக்கடுக்காக உரிந்தால், புதுக்கால் போடுவது காசுக்குக் கேடு. பிடித்துக்கொள்ள இரும்பு இல்லாத இடத்தில் ஒட்டு எதைப் பிடிக்கும்? தாத்தா காலத்து அடுப்பு என்று அழுகிறவர்கள் கம்பித் தட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

கால்களைச் சீர்செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அன்றே கரியைக் கொட்ட வேண்டாம். வழக்கமாக ஏற்றும் கரிக்கும் இறைச்சிக்கும் மேலான பாரத்துக்கு மணலை நிரப்பி, அடுப்பு நிற்கப்போகிற அதே இடத்தில் வையுங்கள். நான்கு பக்கத்திலிருந்தும், ஓடிவரும் பையன் மோதுகிற அளவு வேகத்தோடு, இடுப்பளவில் தள்ளிப் பாருங்கள். கால் கிளம்பினால் மறுபடி பட்டறைக்கு. கிளம்பாவிட்டால் மணலைக் கொட்டிவிட்டு, மணல் வாளியை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தீ மூட்டலாம். இரண்டாம் நாள் காலை, குளிர்ந்த சாம்பலை அள்ளி முருங்கை அடியிலோ மரக்கறிப் பாத்தியிலோ போட்ட பின், போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்குங்கள். முதல் சூட்டில் அவை எப்படியும் சற்று நெகிழ்ந்திருக்கும்.